கிளினிக்குக்கு வெளியே இருக்கும் 90 மணித்தியாலம்

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு இளம் தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு மூன்றரை வயது. போன மாதம் ஓட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஸ்பீச் தெரபி, அங்கே இருக்கும் மிஸ் சிங்களத்தில்தான் கதைக்கிறார். கணவர் தனியார் நிலையங்களிலும் சேர்த்து நேரத்தைக் கூட்டுவோம் என்கிறார். மாமியோ "எங்கட பக்கத்து ஆம்பிளைப் பிள்ளையள் எல்லாம் பிந்தித்தான் கதைச்சவை" என்கிறா. தமிழை விட்டு ஆங்கிலத்தில் மட்டும் கதையுங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, நாள் முழுக்கப் பிள்ளையோடு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, என் மகனுக்கு இப்போது 12 வயது. இரண்டு வயது பத்து மாதத்தில் அவனுக்கும் இதே சொல்லைச் சொன்னார்கள். நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில். அவனால்தான் விசேட தேவைக் கல்வியில் டிப்ளோமா படித்தேன், இப்போது முன்பள்ளி ஒன்றில் இப்படியான பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். நான் வைத்தியர் இல்லை. மருந்து பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். வீட்டில் என்ன செய்யலாம் என்பதை மட்டும் வடிவாகச் சொல்ல முடியும்.

முதலில் மாமியின் பேச்சு. ஆண் பிள்ளைகள் சராசரியாகக் கொஞ்சம் பிந்துவது உண்மைதான், ஆனால் அது ஒன்றிரண்டு மாதக் கதை. 12 மாதத்தில் மழலை ஒலியும் கைகாட்டலும் இல்லாமல் இருப்பது, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராதது, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல்லைச் சேர்த்துக் கதைக்காதது, இருந்த பேச்சு எந்த வயதிலாவது இல்லாமல் போவது, இதில் எது நடந்தாலும் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உங்கள் மகன் இந்த வயதெல்லைகளைத் தாண்டிவிட்டான், ஓட்டிசம் என்றும் சொல்லிவிட்டார்கள். அதனால் காத்திருக்கச் சொல்வதைக் கேட்காதீர்கள். அதே நேரம் மாமியோடு சண்டையும் பிடிக்காதீர்கள், அவவிடம் ஒரு முக்கியமான வேலை கொடுக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

இன்னும் செய்யவில்லை என்றால் காது கேட்கும் பரிசோதனையை உடனே செய்துவிடுங்கள். ரீவியில் விளம்பரப் பாட்டு வந்தால் அடுத்த அறையில் இருந்து ஓடி வருகிறான், காது நல்லாத்தான் கேட்கும் என்று நாங்களும் நினைத்தோம். அது போதாது. சில ஒலிகள் மட்டும் கேட்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், நடுக்காதில் நீர் கோத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். கூடவே இரும்புச் சத்து குறைவா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாலும் பாணும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிடும் பிள்ளைகளுக்கு அது அடிக்கடி குறையும், குறைந்தால் நித்திரையும் குழம்பும்.

இனி உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் எங்கோ "கிழமைக்கு 25 மணித்தியாலம்" என்று படித்திருப்பார். அந்த எண் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2001 இல் வெளியிட்ட அறிக்கையில் இருந்து வந்தது. அதில் எண்ணப்படுவது திட்டமிட்ட முறையில் பிள்ளை ஈடுபாட்டோடு இருக்கும் நேரம். மூடிய அறைக்குள் காசு கொடுத்து இருத்தும் நேரத்தை மட்டும் அப்படிக் கூட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஒரு பிள்ளை நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் விழித்திருந்தால் கிழமைக்குக் கிட்டத்தட்ட 90 மணித்தியாலம் வருகிறது. தெரபி மிஸ்ஸிடம் போவது அதில் அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ. மிச்சம் முழுக்க உங்களிடம்தான் இருக்கிறது: குளியலறை, குசினி, பஸ், படுக்கை.

இதை நான் பிழை விட்டுத்தான் படித்தேன். முதல் வருடம் அவனை மூன்று இடங்களுக்குக் கொண்டு திரிந்தேன். கிழமையில் ஆறு நாள். ஒரு இடத்தில் ஆறு மாதத்தில் கதைக்க வைத்துத் தருவோம் என்றார்கள், கதவைச் சாத்தினார்கள், தாய்மாரை உள்ளே விடவில்லை. வெளியே வாங்கில் இருந்து அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது மாதம் ஓட்டோ அந்த வீதிக்குத் திரும்பினாலே என் கையைக் கடிக்கத் தொடங்கினான். அன்றைக்கு ஓட்டோவைத் திருப்பச் சொல்லி வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு அங்கே போகவில்லை. உங்களை உள்ளே இருந்து பார்க்க விடாத இடத்துக்கும், இத்தனை மாதத்தில் என்று தவணை சொல்லும் இடத்துக்கும் பிள்ளையை அனுப்பாதீர்கள். இந்த வயதில் தெரபி நேரம் என்பது பிள்ளைக்கு எவ்வளவோ அதைவிடக் கூடுதலாக உங்களுக்கான வகுப்பு.

உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சிப் பிந்தல் உள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கென்று ஒரு பயிற்சியை உருவாக்கியிருக்கிறது. 9 குழு வகுப்பு, 3 வீட்டு வருகை. அதன் அடிப்படையே வீட்டில் ஏற்கனவே நடக்கும் காரியங்களுக்குள் பிள்ளையை இழுத்துக்கொள்வதுதான். புதிதாக மேசை, கதிரை, சாமான் ஒன்றும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் அது குளியலறையில் தொடங்கியது. பிளாட்டில் குளியலறை சின்னது. ஒரு சிவப்பு வாளி, ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கோப்பை. தலையில் தண்ணீர் விழுவது அவனுக்கு நல்ல விருப்பம். நான் அதுவரை செய்தது, மளமளவென்று ஊத்தி, சவர்க்காரம் போட்டு, துடைத்து, பத்து நிமிடத்தில் வெளியே கொண்டுவருவது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு ஓ.டி. (தொழில்வழிச் சிகிச்சை) மிஸ் என்னிடம், "நீங்கள் எல்லாவற்றையும் அவன் கேட்க முன்னமே செய்துவிடுகிறீர்கள், அவனுக்குக் கேட்க இடம் எங்கே?" என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். அந்த வசனம் இன்னும் அப்படியே மனதில் இருக்கிறது.

அடுத்த நாளில் இருந்து இப்படிச் செய்தேன். முதல் கோப்பை, "ஊத்து" என்று சொல்லி ஊத்துவேன். இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே. நாலாவது கோப்பையை அவன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பேன். வாய் திறக்க மாட்டேன். "சொல்லு, சொல்லு" என்று கேட்க மாட்டேன். அவன் முகத்தைப் பார்த்தபடி மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். பத்து என்பது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் விளங்கும், ஐந்திலேயே கை தானாக ஊத்தப் பார்க்கும். முதல் நாள் அவன் கத்தினான், ஊத்திவிட்டேன். இரண்டாம் மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், பத்து எண்ணி முடிந்ததும் "ஊத்து" என்று ஊத்தினேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ என் முழங்கையைத் தன் கையால் மேலே தள்ளினான்.

அதுதான் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. வாயால் கேட்கவில்லை, கையால் கேட்டான். கேட்ட உடனே கிடைத்தது. பிறகு கிட்டத்தட்ட இரண்டு மாதம் முழங்கைதான். நடுவில் ஒருமுறை என் கண்ணைப் பார்த்துவிட்டுத் தள்ளினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்பை மேலே நிற்கும்போது "ஊ" என்றான். தண்ணீரை ஊத்த மறந்துபோய் நான் அப்படியே நின்றேன், அவன் பொறுமை இழந்து இன்னொரு தரம் "ஊ" என்றான்.

இது ஏன் வேலை செய்கிறது என்று பாருங்கள். தினமும் ஒரே இடம், ஒரே ஒழுங்கு. அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரிவதால் பயத்துக்குப் போகும் கவனம் உங்கள் பக்கம் வருகிறது. ஒரு குளிப்பில் பதினைந்து கோப்பை ஊத்தினால் கேட்கப் பதினைந்து சந்தர்ப்பம். கேட்டதற்குக் கிடைக்கும் பலனும் அவன் கேட்ட அதே தண்ணீர்தான், அதற்காக இனிப்புக் கொடுத்துப் பழக்கத் தேவையில்லை. கடைசிக் கோப்பை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து "முடிஞ்சுது" என்று தினமும் அதே குரலில் சொல்லுங்கள். "முடிஞ்சுது" என்ற சொல் விளங்கிய பிள்ளைக்குக் கத்தல் பாதியாகக் குறையும், இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. 90 மணித்தியாலத்தையும் தெரபியாக்கி விடாதீர்கள். நீங்கள் அவனுக்கு அம்மா. முதல் மாதம் இரண்டு காரியத்தை மட்டும் எடுங்கள், குளிப்பும் இரவுச் சாப்பாடும் என்று வைத்துக்கொள்வோம். மற்ற நேரம் சும்மா இருங்கள், அவனும் சும்மா இருக்கட்டும்.

இனி மொழி. தமிழை விடாதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு இன்னும் பிந்தும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. அம்மாவும் அப்பம்மாவும் தமக்குச் சரளமில்லாத மொழியில் நாலு சொல்லைப் பொறுக்கிக் கதைத்தால் வீட்டில் பேச்சே குறைந்துபோகும். கொஞ்சுவதும் பாடுவதும் கோபிப்பதும் உங்களுக்குத் தமிழில்தானே வருகிறது? பிள்ளைக்கு அதுதான் வேண்டும். யூரியூப் பார்த்து ஆங்கில எழுத்தையும் நூறு வரை எண்ணையும் ஒப்புவிக்கும் பிள்ளைகள் கொழும்பில் நிறைய. அவன் ஆங்கிலத்தில் ஆர்வமாக இருக்கிறான் என்று வீட்டில் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். எண் சொல்லத் தெரிந்த அதே பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் தண்ணி கேட்கத் தெரியாது. எண் விருப்பமா, நல்லது, படி ஏறும்போது சேர்ந்து எண்ணுங்கள், ஏழில் நிறுத்திவிட்டு அவன் எட்டுச் சொல்லும் வரை நில்லுங்கள். அதைப் பேச்சு என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மிஸ் சிங்களத்தில் கதைப்பது தடை இல்லை. பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் நடக்கிறது, அந்தத் துறையில் தமிழ் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு, கொழும்பில் தேடினாலும் உடனே கிடைப்பது கஷ்டம். அவரிடம் நீங்கள் வாங்க வேண்டியது முறையை. "இந்த மாதம் என்ன இலக்கு, வீட்டில் எந்த நேரத்தில் செய்வது, நான் செய்வது சரியா" என்று மூன்றையும் கேளுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். முக்கியமாக, வீட்டில் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அவன் எப்படி இருக்கிறான் என்று போனில் இரண்டு நிமிடக் காணொளி எடுத்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரி அறைக்குள் அவன் மேசைக்கு அடியில்தான் இருப்பான், அதை வைத்து மிஸ் என்ன முடிவெடுக்க முடியும்?

எந்தச் சொற்கள் என்று கேட்பீர்கள். நிறமும் மிருகமும் பழமும் பிறகு பார்க்கலாம். கேட்கவும் மறுக்கவும் உதவும் சொற்கள் முதலில்: தா, வா, போ, திற, தூக்கு, ஊத்து, இன்னும், போதும், வேண்டாம். நம் மொழியில் ஏவும் சொற்களில் பல ஒரே எழுத்து, வாய் அசைக்கக் கஷ்டப்படும் பிள்ளைக்கு இது பெரிய வரம். "வேண்டாம்" என்பதை மறக்காமல் பழக்குங்கள். மறுக்கச் சொல் கிடைக்காத பிள்ளைதான் கடிக்கிறது, தள்ளுகிறது.

வீட்டில் எப்படிக் கதைப்பீர்களோ அப்படியே சொல்லுங்கள். ஒரு தாய் தமிழ்நாட்டில் அச்சான அழகான படச் சீட்டுகளை வாங்கி வந்தார். அதில் சாவி என்று இருந்தது, அந்த வீட்டில் எல்லோரும் சொல்வது திறப்பு. அதில் ரொட்டித் துண்டு, வீட்டில் பாண். காருக்குப் போட்டிருந்தது மகிழுந்து. பிள்ளை சீட்டைப் பார்த்து ஒன்று சொல்லப் பழகும், அப்பா கையில் திறப்போடு வந்தால் அது வேறு ஏதோ சாமான் என்று நிற்கும். நீங்களே படம் செய்யுங்கள். அவனுடைய நீலத் தட்டு, அவனுடைய செருப்பு, உங்கள் வீட்டு வாளி, உங்கள் குளியலறைக் கதவு என்று போனில் எடுத்து, கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் போட்டு லெமினேட் செய்யுங்கள். ஒட்டி எடுக்கும் வெல்குரோ நாடா புறக்கோட்டையில் மீற்றர் கணக்கில் வாங்கலாம். சுவரில் அவன் கண் மட்டத்தில் ஒரு நீளப் பட்டி: எழும்பல், பல் தீட்டல், சாப்பாடு, சட்டை, கடற்கரை, குளிப்பு, நித்திரை. முடிந்ததை அவன் கையால் கழற்றிக் கீழே இருக்கும் பெட்டியில் போடட்டும். படம் பழக்கினால் பேச்சு வராது என்று சொல்வார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பல பிள்ளைகளுக்குப் படம் வந்த பிறகுதான் சொல் வருகிறது.

மாற்றம் வரும் நாளில்தான் இந்தப் பட்டியின் அருமை தெரியும். 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். ஃபேன் நின்றதும் என் மகன் சுவரில் தலையை மோதினான். இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை எனக்கு. பிறகு நின்ற ஃபேனை ஒரு படம், டோர்ச்சை ஒரு படம், பனையோலை விசிறியை ஒரு படம் எடுத்து, அன்றன்று மின்வெட்டு அட்டவணை வந்ததும் பட்டியில் ஒட்டினேன். கிழமை முடிவதற்குள் ஃபேன் நின்றால் அவனே விசிறியைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். வெடிச் சத்தம் வரும் புதுவருடத்துக்கும், தலைமுடி வெட்டும் நாளுக்கும் இதே வழிதான். இரண்டு நாள் முன்பே படம், பிறகு அந்த இடத்தை வெளியே நின்று பார்ப்பது, பிறகு உள்ளே ஐந்து நிமிடம்.

சாப்பாடு மெல்ல வரும் விஷயம். உங்கள் மகன் வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் சாப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிடிவாதம் இல்லை. நிறம், ஈரம், வாசம், பல்லில் படும் விதம் எல்லாம் அவனுக்கு எங்களுக்கு இருப்பதைவிட உரத்து இருக்கலாம். வாயைப் பிடித்துத் திணிக்க வேண்டாம், ஒரு தரம் திணித்தால் அந்தக் கறியை ஒரு வருடம் தொட மாட்டான். அவன் சாப்பிடும் இடியப்பத்தை அப்படியே வையுங்கள். பக்கத்தில் வேறு சிறு தட்டில் ஒரு கரண்டி பருப்பு, சாப்பிடச் சொல்லாமல். சில நாள் அது மேசையில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வான், அதுவே படி ஒன்று. பிறகு விரலால் தொடுவான், மணப்பான், நக்குவான், துப்புவான். துப்பினால் கோபிக்காதீர்கள், வாய்க்குள் போய் வந்திருக்கிறது. என் மகன் சொதியில் இருந்து பருப்புக்கு வர ஏழு மாதம் எடுத்தது. இருமி இருமிப் புரையேறுகிறது என்றாலோ எடை குறைகிறது என்றாலோ மட்டும் தாமதிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கழிப்பறைப் பழக்கத்துக்குச் சாப்பிட்டு முடிந்த கையோடு ஐந்து நிமிடம் இருத்துங்கள், வயிறு நிறைந்ததும் குடல் அசைவது இயற்கை. மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். நித்திரைக்கு விளக்கு, பாட்டு, படுக்கை எல்லாம் ஒரே ஒழுங்கில். போன் நித்திரைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே நிற்கட்டும். 2 முதல் 4 வயதுக்கு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டி. போன் ஓட்டிசத்தை உண்டாக்கவில்லை, உங்களை நீங்களே குற்றம் சாட்ட வேண்டாம். ஆனால் அது உங்கள் 90 மணித்தியாலத்தைத் தின்கிறது.

ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளையை "இரு, இரு" என்று சொல்லி இருத்த முடியாது. உடம்புக்குப் பாரமான வேலை கொடுங்கள். சந்தையில் இருந்து வரும்போது கிழங்குப் பையின் ஒரு காதை அவன் பிடிக்கட்டும். ரொட்டிக்கு மா குழைக்கட்டும், தண்ணிப் போத்தலைத் தூக்கி வரட்டும், தலையணையால் அவனைச் சுற்றி நல்லா அமர்த்துங்கள். பல பிள்ளைகள் இதன்பிறகு பத்து நிமிடம் அமைதியாக இருப்பார்கள், சாப்பாட்டுக்கு இருத்தும் நேரம் அதுதான்.

வெளியே போவதை விட்டுவிடாதீர்கள். காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் என் மகன் தரையில் விழுந்து கத்தியிருக்கிறான், சனம் முழுக்கப் பார்த்திருக்கிறது. "வளர்ப்புச் சரியில்லை" என்று தமிழிலும் கேட்டேன், சிங்களத்திலும் கேட்டேன். அந்த நேரம் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையோடு கீழே இருங்கள், கதைப்பதைக் குறையுங்கள், அடங்கியதும் இறங்குங்கள். அடுத்த நாள் இரண்டு ஹோல்ட் மட்டும், கூட்டம் இல்லாத நேரத்தில். ஒரு மாதத்தில் நாங்கள் பம்பலப்பிட்டி வரை போனோம்.

பாதுகாப்பைப் பற்றி உரத்துச் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளைகள் சொல்லாமல் கழன்று போவார்கள், தண்ணீர் அவர்களை இழுக்கும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் விபத்தில் இறப்பதற்கு நீரில் மூழ்குவது முக்கிய காரணம். எங்கள் பக்கம் மரைன் டிரைவைத் தாண்டினால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். என் மகனுக்கோ ரயில் என்றால் உயிர். நாலு வயதில் ஒரு பின்னேரம், நான் கறிக்குத் தாளிக்கும் நேரத்துக்குள், கதவைத் திறந்து படியிறங்கிப் போய்விட்டான். மரைன் டிரைவ் ஓரத்தில் தேங்காய்க் கடைக்காரர் ஒருவர் சேர்ட்டைப் பிடித்து வைத்திருந்தார். அன்றைக்கே கதவின் மேல்பக்கம் இன்னொரு தாழ்ப்பாள் போட்டோம், பல்கனிக்குக் கிறில் போட்டோம், அவன் சேர்ட்டுகளின் உள்பக்கம் போன் இலக்கம் தைத்தோம். வீதியில் உள்ள கடைக்காரர்கள், மாடிக் காவலாளி எல்லோருக்கும் அவனைக் காட்டி, "இவன் தனியாக வந்தால் பிடித்து வையுங்கள்" என்று சொல்லிவைத்தேன். நீங்களும் மகனை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள், மறைத்து வைக்காதீர்கள். முடியும்போது நீச்சலும் பழக்குங்கள்.

அந்த ரயில் ஆசையை நாங்கள் பூட்டி வைக்கவும் இல்லை. தினமும் பின்னேரம் கையைப் பிடித்து வீதிக்கு இந்தப் பக்கம் நிற்போம். தூரத்தில் சத்தம் கேட்டதும் நான் "ரயில்... வருது... வருது..." என்று நிறுத்துவேன். மிச்சத்தை அவன் சொல்ல வேண்டும். முதலில் கை தட்டினான், பிறகு "வ" என்றான், இன்றைக்கு எந்த ரயில் எத்தனை மணிக்கு எங்கே போகிறது என்று வெள்ளவத்தை ஸ்டேஷனில் நிற்பவர்களுக்குச் சொல்லுகிறான். உங்கள் மகன் எதில் மூழ்கியிருக்கிறானோ, கார்ச் சில்லோ லிஃப்ட் கதவோ, அதற்குள்ளே போய்த்தான் அவனைச் சந்திக்க முடியும்.

யார் யாரோ வைத்தியம் சொல்வார்கள். நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் கதைப்பான் என்பார்கள். நாக்கு ஒட்டு உச்சரிப்பைப் பாதிக்கலாம், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததற்கும் கைகாட்டாததற்கும் அது காரணம் ஆகாது. வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதை வேண்டாம் என்று சொல்லுங்கள், அது சிறு பிள்ளைகளுக்கு நஞ்சாகலாம். உடம்பில் இருந்து உலோகம் எடுக்கும் சிகிச்சையில் 2005 இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளை இறந்தது. ஸ்டெம் செல் சிகிச்சைக்கென்று காணியை விற்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். மூன்று வயதில் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசிதான் ஓட்டிசத்துக்குக் காரணம் என்றும் யாராவது சொல்வார்கள். அந்தக் கதையைக் கிளப்பிய 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் மீளப் பெற்றுவிட்டது. கோயிலுக்குப் போங்கள், நேர்த்தி வையுங்கள், நானும் வைத்தேன். மனம் ஆறும்.

போகும் இடங்கள்: பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநலம், பேச்சு, ஓ.டி., பிசியோ எல்லாம் இலவசம். ராகமவில் மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயத்தி நிலையம் விசேட தேவைப் பிள்ளைகளுக்கென்றே கட்டப்பட்டது, உங்களுக்குக் கோட்டையில் இருந்தோ மருதானையில் இருந்தோ ரயிலில் போகலாம். பிறந்தபோது தந்த பிள்ளை வளர்ச்சிப் பதிவேட்டை ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள், எல்லா அறிக்கைகளையும் ஒரே ஃபைலில் திகதிப்படி வையுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்துப் பதியுங்கள். ஐந்து வயதில் முதலாம் ஆண்டு என்ற கேள்வி வரும், அதற்கு இப்போதே சாதாரண முன்பள்ளி ஒன்றில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது இருக்க விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி, மாற்றுத்திறன் என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையைக் கல்வி நிறுவனம் புறக்கணிக்க முடியாது. ஒரு அதிபரோடு கதைக்கும்போது இதைத் தெரிந்து வைத்திருப்பது குரலுக்குத் தெம்பு தரும்.

இலங்கையில் அரைநகர்ப்புறப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2009 இல் வந்தது. 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று அதில் கண்டார்கள். உங்கள் மாடித் தொடரிலேயே இன்னொரு அம்மா இருக்கலாம். தேடிப் பிடியுங்கள். நான் அழுத நாட்களில் என்னை எழுப்பியது அப்படி ஒருத்திதான், வைத்தியர் இல்லை.

கணவருக்கும் ஒரு காரியத்தை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். உதவி செய்யச் சொல்லாதீர்கள், பொறுப்பைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் இரவு பாண் வாங்கப் போவது அப்பாவும் மகனும் மட்டும். படி எண்ணுவது, காசு நீட்டுவது, பை தூக்குவது எல்லாம் அவர்கள் பாடு. அந்த அரை மணித்தியாலம் நான் ஒன்றும் செய்யாமல் கட்டிலில் கிடப்பேன்.

கடைசியாக மாமி. அவவுக்கு ஓட்டிசம் என்று விளக்கப் போகாதீர்கள், விளக்கினால் குடும்பத்தைக் குறை சொல்வதாகத்தான் எடுப்பா. இரவில் அவன் சாப்பிடும் நேரம் புட்டுக் கோப்பையை அவ கையில் கொடுங்கள். "மாமி, ஒரு வாய் குடுத்திட்டு, அடுத்த வாயைக் கையில வச்சுக்கொண்டு அவன் உங்களைப் பார்க்குமட்டும் நில்லுங்கோ. பார்த்த உடனே 'தா' எண்டு சொல்லிக் குடுங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் கிழமை அவவுக்குப் பொறுக்காது, பிள்ளை பசிக்குது என்று உடனே தீத்திவிடுவா. விடுங்கள். இரண்டாம் கிழமையில் ஒரு நாள் அவன் தலையை நிமிர்த்தி அவ முகத்தைப் பார்ப்பான். அதன்பிறகு அந்தக் கோப்பையை உங்களிடம் திருப்பித் தர மாட்டா.